சர்க்கார் காலேஜும் சைகோன் பீங்கானும்

காரைக்காலில் எங்கள் தெருவில் சீனி தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது ஒன்றும் கேவலம் கிடையாது. இன்றைக்கு அவர்கள் வருவார்கள், நாளைக்கு நாங்கள் போவோம். அப்படித்தான் ஒரு நாள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். "இருக்கு, உக்காரு, எடுத்தாறேன்" என்று உள்ளே போனவளை வெகு நேரம் காணவில்லை. டப்பாவைத் தேடுகிறாளாக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கிண்ணம் நிறையச் சீனியோடு வந்தாள். சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பினால் உம்மா சொல்கிறாள், "விருந்தாளி வந்தா ஆவும்னு ஒளிச்சி வச்சிருந்த சீனிய, பக்கத்து வூட்டுப் புள்ள இப்பத்தான் கொல்லப் பக்கமா வந்து வாங்கிட்டுப் போச்சு."

எங்கள் வீட்டுச் சீனியை எங்கள் வீட்டுக் கிண்ணத்திலேயே எனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது. அதுட்ட இனிமே எதுவும் கேட்டுப் போவாத" என்றாள்.

எங்கள் பக்கத்துத் துலுக்கர் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். அவளைத் தெருவே லாத்தா என்றுதான் கூப்பிட்டது. அப்போது முப்பது வயதுகூட இருக்காது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். அவளுடைய உம்மா தம்பியைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியவள். வாப்பாவுக்குச் சைகோனில் ஜவுளிக்கடை. அந்தப் பெரிய வீட்டில் அவளும் அவள் வளர்த்த தம்பியும் மட்டும். எங்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து ஏறுவார். ஆகவே வீடு லாத்தாவுடையது. முகப்பில் நாலு தேக்குத் தூண், உள்ளே பளிங்கு மாதிரி வழவழவென்று சிமெண்டுத் தரை. அந்த வீட்டைப் பார்த்தவர் எவருக்கும் உள்ளே அடுப்பு எரிகிறதா என்று கேட்கத் தோன்றாது.

மீன்காரி கூடையோடு கொல்லைப் பக்கம் வந்தால் முதலில் லாத்தாதான் கூப்பிடுவாள். வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்ப்பாள், செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். "இது நேத்து மீனுல்ல? எங்க தம்பி இதத் தொடமாட்டான்" என்பாள். மீன் துள்ளாத குறையாக இருக்கும். மீன்காரி என்னைப் பார்ப்பாள், நான் மீன்காரியைப் பார்ப்பேன். "ஆமாம்மா, இன்னக்கி சரியில்லதான். நாளைக்கி நல்லதாக் கொண்டாறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொள்வாள். சண்டைக்காரி என்று ஊரில் பெயர் எடுத்த மீன்காரி அவள். லாத்தாவிடம் மட்டும் தன் மீனைத் தானே குறை சொல்லிக்கொண்டு போவாள்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், "ஏன் லாத்தா, இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போனா என்னா? கொறஞ்சா போயிடுவீங்க?" அவள் சிரித்தாள். "சைகோன்காரவஹ மவ இல்லைன்னு சொன்னா, சைகோன்ல வாப்பாவுக்கில்ல தலகுனிவு" என்றாள். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்கு எங்கள் கொல்லையில் மீன் வாங்காததால் தலைகுனிவு வருமாம். இவளிடம் என்ன பேசுவது.

சைகோன் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. தம்பி கெட்டிக்காரன். நாகப்பட்டினத்தில் வாப்பா கூடப் பிறந்த குப்பி வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினான். எங்கள் ஊரில் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்றால் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். கும்பகோணத்தில் சர்க்கார் காலேஜில் இண்டர்மீடியட் சேர்ந்தான். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அவன் பேரளம் போகிற ரயிலுக்குக் கிளம்பும்போது லாத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரு முனை திரும்புகிறவரை பார்ப்பாள். "என் தம்பி பி.ஏ. ஆயி, நாற்காலில உக்காந்து கையெழுத்துப் போடணும். அத மட்டும் பாத்துட்டா எனக்குப் போதும்" என்பாள். அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

பிறகு சைகோனில் எல்லாம் தலைகீழானது. அங்கே சண்டை. அந்த ஊர்க் காசின் மதிப்பை ஒரே நாளில் குறைத்துவிட்டார்கள் என்று தெருவில் ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒரு வீட்டுக்குச் சோறும் துணியும் படிப்புமாக வந்துகொண்டிருந்த பணம் சோற்றுக்கு மட்டும் ஆயிற்று. எங்கள் ஊரில் கொடி மாறி இந்தியாக் கொடி ஏறிய சமயத்தில் லாத்தாவின் வாப்பா கடையை மூடினார். தம்பி இண்டர் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது அவர் மவுத்தான செய்தி வந்தது. மையித்து அங்கேயே அடக்கம். பாவம், லாத்தா அழுததை நான் பார்த்தேன். முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குத் தெரு முழுவதற்கும் சோறு போட்டாள். ஒரு சஹன் தட்டுக்கு நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற முறை எங்களுடையது. சஹன் சஹனாக நெய்ச்சோறும் ஆட்டுக்கறி ஆணமும் போய்க்கொண்டே இருந்தன. தம்பி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். "லாத்தா, நாலு ஏழைக்குப் போட்டாப் போதும். காலேஜ் தொறக்கப் போவுது" என்று கெஞ்சினான். "வாப்பாட மையித்தத்தான் நாம பாக்கல. சோறாவது நல்லாப் போடுவோம் தம்பி" என்றாள். நெய்ச்சோறு வாசம் தெருவிலிருந்து போக நாளாயிற்று. நானும் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன். அவள் காதில் கிடந்த தங்க அலுக்கத்து அதற்குப் பிறகு காணாமல் போனது. கேட்டால், பூட்டு கழன்றிருக்கிறது, தட்டானிடம் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

தம்பி இண்டர் நல்ல மார்க்கில் பாஸ். பி.ஏ.வுக்கும் அதே காலேஜில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் போதும் என்றுதான் எங்கள் தெரு நினைத்தது. என் வாப்பாவே கேட்டார், "சர்க்காரு காலேஜ்தானப்பா, சர்க்காருதானே நடத்துது. ஒனக்கென்னா செலவு?" தம்பி பொறுமையாகச் சொன்னான். "காலேஜுக்குக் கட்டுற சம்பளம் மத்தத விடக் கம்மிதாங்க மாமா. ஆனா சம்பளம் மட்டுமா? ஹாஸ்டல்ல அட்வான்ஸ் கேக்குறாங்க. மாசா மாசம் சாப்பாட்டுக்குக் கட்டணும், கட்டலன்னா தட்டு வைக்க மாட்டாங்க. புஸ்தகம், பரீட்சைப் பணம். வாத்தியார் சொல்லிக் குடுக்குறதுதான் மலிவு. அங்க இருந்து கேக்குறதுதான் முடியல." தினம் ரயிலில் போய்வரலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பேரளத்தில் ஒரு ரயில், மாயவரத்தில் ஒரு ரயில் பிடித்து, அவன் போய்ச் சேரும்போது முதல் இரண்டு வகுப்பு முடிந்திருக்கும்.

மலாயாவிலிருந்து திரும்பின பணக்காரர் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருந்தார். நோன்பு மாசத்தில் ஏழைகளுக்கு ஜகாத் கொடுக்கும்போது தம்பியின் படிப்புக்கு ஒரு தொகை தருவதாக உம்மாவிடம் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர், காதும் காதும் வைத்த மாதிரி தருவதாகத்தான் சொன்னார். லாத்தா கேட்டுவிட்டு, "அவஹளுக்கு துவா செய்றேன்னு சொல்லுங்க மாமி. அத வேற ஏழப்பட்டதுக்குக் குடுக்கச் சொல்லுங்க. எங்களுக்கு இருக்கு" என்றாள். உம்மா வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வீட்டை விற்றால் என்ன என்று நான்தான் கேட்டேன். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. "வித்துப்புட்டா, தம்பி லீவுக்கு எங்க வருவான்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்படி எல்லாக் கதவும் சாத்தினபோதுதான் ஒன்று திறந்தது. வெளியூரில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குப் புது சர்க்கார் படிப்புதவி தருகிறது என்று தம்பி கேள்விப்பட்டு வந்தான். மனுப் போட்டான். வீட்டு நிலைமையைப் பார்த்து எழுத மேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவார் என்றார்கள். மேரி என்றால் நகரசபை ஆபீஸ். பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்தப் பேச்சு போகவில்லை.

தம்பி லாத்தாவை உட்கார வைத்துச் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். "லாத்தா, வர்றவரு நம்ம கஷ்டத்தப் பாக்கத்தான் வர்றாரு. இருக்குறது இருக்குறபடி இருக்கட்டும். ஒண்ணும் சோடிக்காதீங்க. கேட்டா உள்ளதச் சொல்லுங்க. இது கெடச்சா நான் படிச்சிடுவேன்." லாத்தா தலையை ஆட்டினாள். "சரி தம்பி. படிச்ச பிள்ள நீ சொல்ற, நான் மாட்டேங்கப் போறனா?" என்றாள்.

அவர் வருகிற நாள் வெள்ளிக்கிழமையாய்ப் போனது. தம்பி ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போனான். அவன் தெருமுனை திரும்பினானோ இல்லையோ, லாத்தா எங்கள் வீட்டில் வந்து நின்றாள். "மாமி, அந்த சைகோன் பீங்கான ஒரு நாளைக்குக் குடுங்க." நீலப்பூப் போட்ட அந்தப் பீங்கான் தட்டுகள் அவளுடையதுதான். போன வருஷம் உம்மாவிடம்தான் விற்றிருந்தாள். உம்மா என்னைப் பார்த்தாள். "எதுக்கும்மா? தம்பி வாணான்டு சொன்னான்ல" என்று கேட்டாள். "வூடு தேடி வர்ற மனுசருக்கு அலுமினியத் தட்டுலயா மாமி வைக்கிறது? அவரு நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரு?" என்றாள் லாத்தா.

என்ன நினைக்க வேண்டுமோ அதை நினைக்கத்தான் அவர் வருகிறார் என்று நான் கத்தினேன். கேட்டால்தானே. எதிர் வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி வந்தது. அடுத்த வீட்டிலிருந்து சுவர்க்கடிகாரம் வந்தது. தூண்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தாள். எங்கிருந்து நெய் வந்ததோ, ரவா அல்வா கிண்டினாள். ஒரு பொழுதுக்குள் அவள் வாப்பா சைகோனில் கடை வைத்திருந்த காலத்து வீடு திரும்பி வந்துவிட்டது. தம்பி தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது. பேச நேரமில்லை, அவனுக்குப் பின்னாலேயே அதிகாரி வந்துவிட்டார்.

எங்கள் பெண்கள் அந்நிய ஆணுக்கு முன்னால் வருவதில்லை. லாத்தா நடை வாசலில் தொங்கின திரைக்குப் பின்னால் நின்றாள், நான் அவளுக்குப் பக்கத்தில். ஆண் துணைக்கு என் வாப்பா வெளியே அவரோடு உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கடிகாரமும் பீங்கானும் அல்வாவும். திரைக்கு இந்தப் பக்கம் தோளில் ஒட்டுப் போட்ட சேலையும், காது மூளியுமாக அவள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் திரையைப் பிடித்து ஒரு இழு இழுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அப்படிச் செய்ய எங்களில் யாருக்கும் தோன்றாது.

அதிகாரி மரியாதையான மனிதர். அல்வாவைச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு திரையைப் பார்த்துக் கேட்டார், "குடும்ப நெலம எப்படிம்மா இருக்கு?"

எங்களில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். குழந்தைக்குப் பேச்சு வரும்போதே சொல்லிக்கொடுப்பது. படைத்தவனைக் குறை சொன்னதாகிவிடும் என்று சாகக் கிடக்கிறவர்கள்கூட வேறு பதில் சொல்ல மாட்டார்கள். லாத்தா சொன்னாள், "அல்ஹம்துலில்லா. அல்லா குடுக்குறான், ஒரு கொறையும் இல்ல."

குறை என்ற சொல்லை முன்னால் போட்டால்தான் இல்லை என்ற சொல் அவள் வாயில் வரும். நான் அவள் கையைக் கிள்ளினேன். அவளுக்கும் புரிந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க அவளுக்குத் தெரியாது. வாப்பா வெளியிலிருந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார், "இல்லைங்க, அவங்க வாப்பா சைகோன்ல மவுத்தானதுலேர்ந்து..." என்று. அதிகாரி கையமர்த்தினார். "பாக்குறேனேங்க. நல்ல குடும்பம். உங்கள மாதிரி இருக்குறவங்க இத எதுக்கும்மா கேக்குறீங்க? ஒழுகுற கூரைக்குக் கீழ ஒக்காந்து படிக்கிற பிள்ளைங்க எத்தனையோ கேட்டிருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வீட்டுப் பெரியவர் மாதிரி சொன்னார்.

லாத்தா சொன்னாள், "அதானே. மொதல்ல அவங்களுக்குத்தான் குடுக்கணும்."

அந்த மனிதரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கண் முன்னால் இருந்ததை எழுதிக்கொண்டு போனார். தம்பி பீங்கான் தட்டுகளைக் கழுவித் துடைத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். உம்மா ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். "பரவாயில்ல மாமி, தட்டு ஒண்ணும் ஒடயல" என்றான். அவனுக்குக் கிடைக்க வேண்டியது கோட்டுச்சேரியில் ஒரு விவசாயி மகனுக்குக் கிடைத்தது. அவன் வீட்டுக் கூரை உண்மையிலேயே ஒழுகியதாம். அவனும் இண்டரில் தம்பியோடு படித்தவன்தான்.

அப்படியும் தம்பி காலேஜில் சேர்ந்தான். கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பழைய பாத்திரம் எடுக்க ஊருக்கு வருவார். லாத்தா வீட்டு அண்டா, தேக்சா எல்லாம் அவர் வண்டியில் ஏறிப் போயின. முதல் தவணை கட்டியாயிற்று. அடுத்த தவணைக்கு ஏற்றுவதற்கு வீட்டில் பாத்திரம் இல்லை. ஹாஸ்டலில் பாக்கி நின்றது, காலேஜில் பேரை எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். லாத்தா என்னிடம்கூடச் சொல்லவில்லை. "தம்பி எப்படி இருக்கான்?" என்று யார் கேட்டாலும், "படிக்கிறான். பாடம் ரொம்ப ஜாஸ்தியாம், ஊருக்கு வரவே நேரம் இல்லையாம்" என்பாள்.

அதற்குள் எனக்கும் கல்யாணமாகியிருந்தது. என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க என் மாப்பிள்ளையோடு கும்பகோணம் போனேன். தலையிலிருந்து கால்வரை துப்பட்டி போர்த்தியிருந்தேன், கண் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊருக்கு வருகிற அந்தப் பாத்திரக்காரர் கடையில் ஒரு பையன் குந்தியிருந்து தராசில் குடத்தை நிறுத்துக்கொண்டிருந்தான். கை முழுக்கப் பித்தளைக் கறுப்பு. "எட சரியா இருக்கும்மா, பாத்துக்குங்க" என்று என்னை நிமிர்ந்து பார்த்தான். லாத்தாவின் தம்பி. "தம்பி, நான் பக்கத்து வூட்டு சின்ன லாத்தா" என்றேன். அவன் கையைப் பின்னால் இழுத்து வேட்டியில் துடைத்தான். துடைத்தால் போகிற கறுப்பா அது.

"லாத்தாட்ட சொல்லாம இங்க வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"லாத்தாவுக்குத் தெரியும்" என்றான். "லாத்தாதான் ஊருக்கு வராதன்னுட்டாஹ. காலேஜ் லீவு விடுறப்ப மட்டும் வரணுமாம். அப்பத்தான் தெருவுல சந்தேகம் வராதாம். காலேஜ் லீவு விடுறது தீவாளி, பொங்கல், கோடைக்கி. அப்பத்தான் கடையில பண்டிகக் கூட்டம், கல்யாணக் கூட்டம். மொதலாளி விடமாட்டேங்குறாரு."

என் மாப்பிள்ளை கடைக்காரரிடம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி பாத்திரங்களை வைக்கோல் சுற்றிக் கட்டி வண்டியில் ஏற்றினான். "காலேஜ் பக்கந்தான். படிக்கிற பசங்க போற வர்ற சத்தம் கேக்கும். காலேஜுக்குப் போற பாலத்துப் பக்கம் மட்டும் போவ மாட்டேன்" என்றான். அவனை நான் அழவிடவில்லை. நான்தான் துப்பட்டிக்குள் அழுதேன்.

ஊருக்கு வந்து லாத்தாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் கறுவிக்கொண்டு வந்தேன். வாசலில் அவளைப் பார்த்ததும் அவளே கேட்டாள், "கும்பகோணம் போனியாமே. தம்பியப் பாத்தியா?" கண்ணைக் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தேன் லாத்தா" என்றேன். "நல்லாப் படிக்கிறானா?" என்றாள். பக்கத்தில் எதிர் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். "படிக்கிறான்" என்று சொல்லித் தொலைத்தேன். என்னையும் அந்தப் பொய்க்குள் இழுத்துவிட்டாள்.

அவன் பி.ஏ. முடித்திருக்க வேண்டிய வருஷம் வந்தது. பரீட்சை முடிவு வந்த வாரத்தில் லாத்தா வீடு வீடாகக் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் தெருவில் முதல் பி.ஏ. என்று பெரியவர்கள் துவா செய்தார்கள். உம்மா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அல்லா அந்தப் புள்ளைட கஷ்டத்துக்குக் கண்ணத் தொறந்துட்டான்" என்றாள். நான் வாங்கின கற்கண்டைச் சாப்பிடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்தது வேர்வையில் கரைந்து போனது.

பொய் தெருவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர் ஆபீசுகளில் அதுவரை பிரெஞ்சிலிருந்த காகிதமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. இங்கிலீஷ் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஆபீஸர் ஒருவர் என் வாப்பாவோடு லாத்தா வீட்டுக்கு வந்தார். அன்றும் லாத்தா திரைக்குப் பின்னால், நான் அவளுக்குப் பக்கத்தில்.

"உங்க தம்பி பி.ஏ.ன்னு எல்லாரும் சொன்னாங்க. சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்கம்மா. நல்ல வேலை, உள்ளூர்லயே" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை. அவள் ஆசைப்பட்டது நடந்து வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. நான் அவள் காதில், "உள்ளதச் சொல்லிடுங்க லாத்தா, இப்பவாவது சொல்லிடுங்க" என்றேன்.

"சர்டிபிகேட் இருக்குங்க. கும்பகோணத்துல இருக்கு. வரச் சொல்றேன்" என்றாள்.

அவர்கள் போனதும் நான் பேயாட்டம் ஆடிவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள், "அன்னக்கி அந்த மனுசர்ட்ட இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தம்பி படிச்சிருப்பான். எனக்குத் தெரியாதா? படுத்தாத் தூக்கம் வர்றதில்ல. அன்னக்கி வராத வார்த்த இன்னக்கி வந்து என்னா செய்யப் போவுது?" அத்தனை நாளும் அவள் இதை உணரவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வரும், வந்துகொண்டே இருக்கிறது என்று பதில் போனது. அப்புறம் அவரும் விட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பகலில், என் குழந்தை சட்டைக்குப் பித்தான் தைத்து வாங்க லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. தம்பி நின்றான். பண்டிகையும் இல்லை, லீவு நாளும் இல்லை. லாத்தா தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "என்ன தம்பி, திடீர்னு லீவு விட்டுட்டாங்களா?" என்றாள்.

"லீவு இல்ல லாத்தா" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். "கோட்டுச்சேரிப் பையன் கடைக்கு வந்தான். அவனாலயும் பி.ஏ. முடிக்க முடியல, பாதியில விட்டுட்டான். இப்ப ஆபீஸ்ல வேலையாம். மொதச் சம்பளத்துல அவங்க அம்மாவுக்குக் குடம் வாங்க வந்தான். நான்தான் நிறுத்துக் குடுத்தேன்." சற்று நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். "பி.ஏ. கெடைக்கலன்னு இண்டர் பாஸ் பண்ணவங்களையும் எடுத்துக்கிட்டாங்களாம் லாத்தா. இண்டர் போதுமாம். என்ட்ட இருந்துச்சே."

லாத்தா ஊசியை நூலோடு மடியில் வைத்துவிட்டாள். அவன் கத்துவான் என்று நான் காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. வெயிலில் வந்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு, "பசிக்கிது. சோறு இருக்கா?" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தெருக்கதவு திறந்துதான் கிடந்தது.

"இல்ல தம்பி" என்றாள். "சோறு இல்ல. நேத்தும் இல்ல."

தம்பி எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அங்கே இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை, சட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் அவன் கும்பகோணம் போக ரயிலுக்குக் கிளம்பினான். முதலாளி ஒரு நாள்தான் லீவு கொடுத்திருந்தாராம்.